வாய் பிசகினால் குற்றம் குரலுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜப்பானியப் படங்களின் ஆங்கில டப்பிங் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ்கள் அதிகம் தொடாத பொருள், எடுத்துக்கொண்டதற்கு நன்றி. இருந்தாலும் அதில் இரண்டு கூற்றுகளை அப்படியே விட முடியவில்லை. ஆங்கில டப்பிங் 1998-ல் 'போக்கிமான்' கார்ட்டூன் தொடரோடு ஆரம்பித்தது என்பது ஒன்று. பழைய படங்களில் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போனதற்குக் குரல் கொடுத்தவர்களின் அலட்சியமே காரணம் என்பது மற்றொன்று. முதலாவது வெறும் ஆண்டுக் கணக்குப் பிழை. இரண்டாவது, வேலை செய்தவர்கள் மேல் போட்ட அபாண்டம். அந்தப் படங்கள் ஆங்கிலத்தில் எப்படி ஒலித்தன என்பதை முடிவு செய்தது, வாங்கியவர் கைக்கு எந்த ஒலித்தடம் வந்து சேர்ந்தது, எத்தனை நாள் கெடு, யாருக்கு விற்கப் போகிறார்கள் என்பவைதான். மைக் முன்னால் நின்றவரை இதில் எதைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை.

தொடக்கம் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) கூட அல்ல. டோஹோ நிறுவனத்துக்காக இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா' என்ற ராட்சத மிருகப் படம் 1954-ல் வந்தது; 96 நிமிடம். 1956-ல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது 'காட்ஸில்லா, கிங் ஆஃப் த மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் 80 நிமிடமாகச் சுருங்கி வந்தது. வாங்கியவர்கள் முழுப் படத்தையும் டப் செய்யவில்லை. ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராக்கி, டெர்ரி மோர்ஸ் இயக்கத்தில் புதிய காட்சிகள் எடுத்து நடுநடுவே சொருகினார்கள். கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கும் மாற்று ஆட்களிடம் பர் பேசுவார். மூலப் படத்தின் நடிகர்களோடு பேசுவதுபோல் இருக்கும். ஜப்பானியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பல இடங்களில் ஜப்பானிய மொழியையே விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்குவதாக வைத்துவிட்டார்கள். உதட்டசைவுச் சிக்கலை, உதட்டுக்கு ஆங்கிலமே கொடுக்காமல் கடந்த சாமர்த்தியம் அது. தவிர்க்க முடியாத இடங்களுக்கு மட்டும் ஜேம்ஸ் ஹாங் உள்ளிட்ட சிலர் குரல் கொடுத்தார்கள். அணுகுண்டு பற்றிய வசனங்கள் பல இந்தச் சுருக்கத்தில் போயின. அதைக் குறையாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது கத்தரிக்கோலின் வேலை, குரலின் வேலை அல்ல. ஹோண்டாவின் மூல வடிவம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓடியது 2004-ல்தான்.

முழுமையான டப்பிங்குக்கு அடுத்த படமே உதாரணம். ஜப்பானில் 1956-ல் வந்த 'ரோடான்', மறு ஆண்டு அமெரிக்காவில் ஆங்கிலம் பேசியது. கீ லூக், பால் ஃப்ரீஸ், அப்போது கல்லூரி மாணவராக இருந்த ஜார்ஜ் டக்கெய் (பிற்பாடு 'ஸ்டார் டிரெக்' புகழ்) ஆகியோர் குரல் கொடுத்தார்கள். இரண்டாவது காட்ஸில்லா படம் 1959-ல் இதே குரல்களோடு வெளியானபோது கதாநாயக மிருகத்தின் பெயரே ஜைகாண்டிஸ் என்று மாறியிருந்தது. புதிய மிருகம் என்று சொல்லி விற்கலாம் என்பது வாங்கியவரின் யோசனை. படத்தில் யாராவது அந்தப் பெயரை உச்சரிக்கும்போது சிரிப்பு வந்தால், சிரிப்பு போய்ச் சேர வேண்டிய முகவரி விநியோக அலுவலகம்.

அன்று வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் குற்றச்சாட்டு அதிலேயே கழன்றுவிடும். படச்சுருளைச் சில வினாடி நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, புரொஜெக்டரில் ஏற்றுவார்கள். ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடும். 'லூப்பிங்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். நடிகர் மூல வசனத்தை ஒன்றிரண்டு சுற்று கேட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் பேசுவார். தவறினால் வளையம் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் தாளம் நன்றாகப் பிடிபடும். காட்சியின் உணர்ச்சித் தொடர்ச்சி கெட்டுவிடும். ஐந்து வினாடிக்கு ஒரு முறை நடிப்பு நின்று மறுபடி கிளம்புகிறது. ஒரு வளையத்தில் கத்திய குரல் அடுத்த வளையத்தில் சாந்தமாக இருந்தால், இயக்குநருக்கு அது நினைவில் இருந்தால்தான் திருத்தம். பழைய டப்பிங்கில் ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டு மனநிலையில் பேசுவதுபோல் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒட்டுதான்.

பதிவு அறையின் வறட்சி இன்னொன்று. எதிரொலி இல்லாத சின்ன அறையில், மைக்கிலிருந்து ஓர் அடி தூரத்தில் பேசிய குரலை, மலையுச்சியில் நிற்பவருக்கும் காருக்குள் இருப்பவருக்கும் அப்படியே வைத்தால் காது நம்பாது. தூரத்துக்கு ஏற்ப அடிநாதத்தைக் குறைத்து, இடத்துக்கு ஏற்ற எதிரொலி சேர்த்துக் கலக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரம் தரப்படாத படங்களில் எல்லோரும் ஒரே தூரத்தில் நின்று பேசுவார்கள். உதட்டசைவு சரியாக இருந்தும் 'ஏதோ ஒட்டவில்லை' என்று தோன்றினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சரி, உதட்டுக்கு வருவோம். மனிதர்கள் நடித்த படத்தில், குளோசப்பில், உதடு ஒட்டுகிற ப, ம ஒலிகளை ஏமாற்ற முடியாது. ஜப்பானிய நடிகரின் உதடு ஒட்டுகிற ஃபிரேமில் ஆங்கில வசனத்திலும் உதடு ஒட்டும் எழுத்து விழுகிறமாதிரி வார்த்தையைத் தேடிப் போட வேண்டும். இதைவிடத் தொல்லை வாக்கிய முடிவு. ஜப்பானியச் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே உயிரொலியிலோ ன் ஒலியிலோ முடியும். பேசி முடித்தவரின் வாய் திறந்தபடி நிற்கும். ஆங்கில வாக்கியமோ ட், ப், க் என்று கட்டையாக முடியும். கடைசி அரை வினாடியில் வாயும் ஒலியும் பிரிவது அதனால்தான். ஜப்பானிய மொழியில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, அதிர்ச்சித் தகவலும் அங்கேதான் விழும். எதிரே இருப்பவர் திடுக்கிடுவது அதற்கு அடுத்த ஃபிரேமில். ஆங்கிலத்தில் அந்தத் தகவல் வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிட்டால், எதிராளி இரண்டு வினாடி தாமதமாகத் திடுக்கிடுவார். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் மொழியும் வினையில் முடிவதுதான். நல்ல வசனகர்த்தா ஆங்கில வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு, கனமான சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவார். அதைச் செய்யும்போது பேச்சு கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் முடியாது.

1960-களில் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்த இடம் நியூயார்க்கின் டைட்ரா ஸ்டூடியோ. 'மோத்ரா' படமும் 'அல்ட்ராமேன்' தொடரும் அங்கே ஆங்கிலமானவை. பீட்டர் ஃபெர்னாண்டஸ் போன்ற வானொலி நாடகப் பழக்கம் உள்ளவர்கள் இருந்ததால் பேச்சில் உயிர் இருந்தது. இன்னொரு பக்கம் டோஹோ தன் படங்களை உலகம் முழுதும் விற்பதற்காகத் தானே ஆங்கிலப் பதிப்புகள் தயாரிக்கத் தொடங்கியது. டோக்கியோவில் வில்லியம் ராஸின் ஃபிரன்டியர் என்டர்பிரைசஸ், பிறகு ஹாங்காங்கில் டெட் தாமஸின் குழு. ஹாங்காங்கில் வாழ்ந்த ஆங்கிலேயர்களும் வானொலி அறிவிப்பாளர்களுமாக ஒரு சின்னக் கூட்டம்தான் அது. அதே குரல்களே அங்கே எடுக்கப்பட்ட குங்ஃபூ படங்களிலும் ஒலித்தன. சாமுராயும் ஷாவோலின் குருவும் ஒரே குரலில் பேசுவதாகப் பலர் கேலி செய்வார்கள். உண்மையிலேயே ஒரே ஆள்தான், பல நேரங்களில்.

இந்த ஏற்றுமதிப் பதிப்பு விற்பனைக்கான மாதிரிச் சரக்கு. வாங்கியவர் அதையே ஓட்டலாம், பிடிக்காவிட்டால் தன் ஊரில் புதிதாக டப் செய்துகொள்ளலாம். 1968-ல் வந்த 'டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ்' படத்துக்கு டோக்கியோவில் செய்த ஆங்கிலமும் உண்டு, அமெரிக்க விநியோகஸ்தர் டைட்ராவில் செய்வித்த ஆங்கிலமும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே படம், ஒரே உதடு, தரம் எவ்வளவு மாறுகிறது என்பது விளங்கும்.

இனி அனிமேஷன். 1961-ல் டோய் நிறுவனத்தின் மூன்று முழுநீளப் படங்கள் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றில் 'அலகஸாம் த கிரேட்' படத்துக்குப் பாட்டுக் குரல் அன்றைய இளைஞர் பாடகர் ஃபிராங்கி அவலான். பெயரை வைத்து டிக்கெட் விற்கும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

திருப்பம் 1963. காமிக்ஸ் கலைஞர் ஓசாமு தெசுகாவின் 'டெட்சுவான் ஆட்டம்' தொடர் அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கி, செப்டம்பரில் 'அஸ்ட்ரோ பாய்' ஆக அமெரிக்கத் தொலைக்காட்சியில் நுழைந்தது. ஆங்கிலப் பதிப்பின் பொறுப்பாளர் ஃபிரெட் லாட். ஜப்பானில் 193 எபிசோடு. ஆங்கிலத்துக்கு வந்தவை 104. அஸ்ட்ரோவுக்கு பில்லி லூ வாட். மற்ற பாத்திரங்களில் பெரும்பகுதி ரே ஓவன்ஸ், கில்பர்ட் மாக் என்ற இருவர் தலையில். மூன்று பேர் ஓர் ஊரையே பேசினார்கள். அடுத்து லாட் 'ஜைகான்டர்', 'கிம்பா' தொடர்களையும் செய்தார். ஆக, போக்கிமான் வந்தபோது தொலைக்காட்சி அனிமே டப்பிங்குக்கு 35 வயது.

செலவைக் குறைக்க, பேசும் முகத்துக்கு மூன்றே வாய்கள் வரைவது அந்த நாள் வழக்கம்: மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது. அவற்றை மாற்றி மாற்றி வைத்துப் படமெடுப்பார்கள். எந்த எழுத்துக்கு எந்த வாய் என்ற கணக்கே அங்கே கிடையாது. இன்னொரு விஷயம் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டியது: ஜப்பானிலும் படத்தை வரைந்த பிறகுதான் குரலைப் பதிவு செய்கிறார்கள். அதாவது மூல ஜப்பானியக் குரலே ஒருவகை டப்பிங்தான். தொடக்கமும் முடிவும் இடைவெளியும் பொருந்தினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஜப்பானியத்தில் கேட்கும்போது உறுத்தாதது ஆங்கிலத்தில் உறுத்துகிறது என்றால், அதில் கொஞ்சம் பங்கு நம் எதிர்பார்ப்புக்கும் உண்டு.

இங்கே சிக்கல் வேறு விதம். ஜப்பானியர் வினாடிக்கு 8 அசைக்குச் சற்றுக் குறைவாகவும், ஆங்கிலம் பேசுவோர் 6 அசையை ஒட்டியும் பேசுகிறார்கள் என்பது மொழியியலாளர்கள் அளந்து சொன்னது. ஜப்பானியத்தில் ஓர் அசைக்குள் அடங்கும் செய்தி குறைவு. எனவே அதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபின்னும் படத்தில் வாய் ஆடிக்கொண்டிருக்கும். மிச்ச அசைவை என்ன செய்வது? ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும். 'ஸ்பீடு ரேசர்' (1967, 52 எபிசோடு) பாத்திரங்கள் மூச்சு விடாமல் பேசுவதற்குக் காரணம் இதுவே. வசனம் எழுதி, இயக்கி, நாயகனுக்கும் குரல் கொடுத்தவர் அதே ஃபெர்னாண்டஸ். பெண்கள், குழந்தைகள் பாத்திரங்கள் கோரின் ஓர்; ஜாக் கர்டிஸ், ஜாக் கிரைம்ஸ் மற்றவர்கள். நான்கு பேர். கதையைப் புரியவைக்க வேண்டிய தகவலையும், ஆடும் வாயை நிரப்ப வேண்டிய சொல்லையும் ஒரே வரியில் திணித்ததால் பேச்சு ஓடியது. தலையாட்டியபடி ஜப்பானியர் விடும் சின்னச் சின்ன 'ஹ்ம்', 'ஆ' ஒலிகளுக்கும் வாய் வரையப்பட்டிருக்கும். அதற்காகத்தான் ஆங்கிலத்தில் காரணமே இல்லாத 'ஹூ?', 'வாட்?' எல்லாம். அலட்சியக்காரர் அந்த வாயை மௌனமாக விட்டிருப்பார்.

அடுத்தது ஒலித்தடம். டப்பிங் செய்ய, வசனம் நீங்கலாக இசையும் சத்தமும் மட்டும் கொண்ட தனித் தடம் தேவை. துறையில் 'எம் அண்டு இ' என்போம். எல்லாம் ஒரே மோனோ தடத்தில் கலந்து வந்துவிட்டால், ஜப்பானியக் குரலை எடுக்கும்போது இசையும் காலடி ஓசையும் கூடவே போய்விடும். பிறகு சத்தங்களைப் புதிதாக உருவாக்கி, கைவசம் உள்ள வேறு இசையைப் போட்டு ஒப்பேற்ற வேண்டியதுதான். பேச்சில்லாத இடங்களிலிருந்து இசையை வெட்டியெடுத்து ஒட்டுபோடுவதும் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: யாராவது வாயைத் திறக்கும் கணத்தில் பின்னணி இசை சட்டென்று அறுந்து, பேசி முடித்ததும் நடுவிலிருந்து தொடர்ந்தால், தனித் தடம் கிடைக்காத படம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சிச் சந்தையின் கட்டாயங்கள்தான் இந்த வரலாற்றில் அதிகம் சேதம் செய்தவை. அமெரிக்காவில் ஒரு தொடரை வார நாட்களில் தினமும் ஒளிபரப்ப உள்ளூர் நிலையங்களுக்கு விற்க வேண்டுமானால் குறைந்தது 65 எபிசோடு கேட்பார்கள்: வாரம் ஐந்து, 13 வாரம். 1985-ல் ஹார்மனி கோல்டு நிறுவனத்தின் கார்ல் மேசெக் கையில் இருந்த 'மேக்ராஸ்' 36 எபிசோடுதான். தொடர்பே இல்லாத இன்னும் இரண்டு தொடர்களை அதோடு இணைத்து 85 எபிசோடு 'ரோபோடெக்' ஆக்கினார். இரண்டாம் தொடரின் நாயகியை முதல் தொடரின் தம்பதிக்கு மகளாக்கி மூன்று தலைமுறைக் கதை பின்னினார். மூன்றுக்கும் ஒரே மாதிரி ஒலி வேண்டும் என்பதால் பின்னணி இசையும் புதிதாக. விமர்சகர்கள் இன்றும் அவரைத் திட்டுகிறார்கள். என் கணக்கில் அது பாராட்டத்தக்க தையல் வேலை. சாவையும் போரையும் குழந்தைகள் நேரத்தில் அந்த அளவு காட்டிய அமெரிக்கத் தொடர் அன்று வேறு இல்லை. 1995-ல் டிக் நிறுவனம் 'செய்லர் மூன்' தொடரை முதலில் 65 எபிசோடாக வெட்டி வெளியிட்டதிலும் அதே எண்.

குழந்தைகள் நேரத்துக்காகச் செய்த மாற்றங்கள் தனிக் கதை. 'கட்சாமன்' 105 எபிசோடு, 1978-ல் 85 எபிசோடு 'பேட்டில் ஆஃப் த பிளானட்ஸ்' ஆனது. வன்முறையை வெட்டிய ஓட்டைகளை அடைக்க அமெரிக்காவில் வரைந்து சேர்த்த ரோபோ ஒன்று, நடக்காத இடத்தில் நடக்காததை விவரித்துக்கொண்டே இருக்கும். 1979-ல் 'ஸ்டார் பிளேசர்ஸ்' தொடரில் கப்பல் மருத்துவர் குடிக்கும் சாக்கே மது ஊற்று நீராகிவிட்டது. 'டிராகன் பால் இசட்' 1996-ல் ஆங்கிலத்துக்கு வந்தபோது முதல் 67 எபிசோடு 53 ஆகச் சுருங்கியது. செத்தவர்கள் 'வேறு பரிமாணத்துக்கு' அனுப்பப்பட்டார்கள். போக்கிமானில் அரிசி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஜெல்லி டோனட் என்பார்கள். 2004-ல் 'ஒன் பீஸ்' தொடரின் சஞ்சி வாயில் சிகரெட்டுக்குப் பதில் குச்சி மிட்டாய் வரையப்பட்டது. இதில் எந்த முடிவும் ஒலிப்பதிவு அறையில் எடுக்கப்பட்டதல்ல. பிரிட்டனில் இதற்கு நேரெதிர் வேடிக்கை: 1990-களில் வீடியோ கேசட்டுக்கு உயர்ந்த வயதுச் சான்றிதழ் கிடைத்தால் இளைஞர்கள் வாங்குவார்கள் என்று, மூலத்தில் இல்லாத கெட்ட வார்த்தைகளை டப்பிங்கில் சேர்த்தார்கள்.

அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'நவ்ஸிகா' 1985-ல் 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்ற பெயரில் 20 நிமிடத்துக்கு மேல் வெட்டுப்பட்டு வந்தது. நாயகியின் பெயர் ஸாண்ட்ரா என்றானது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அவர் இணைந்து தொடங்கிய ஸ்டூடியோ ஜிப்லி வெட்டுகளை அனுமதிக்காத ஒப்பந்தத்தில் பிடிவாதமாக நின்றது. 'பிரின்சஸ் மோனோனோகே' அமெரிக்க விநியோக நிறுவனமான மிராமாக்ஸிடம் போனபோது தன் தயாரிப்பாளர் ஒரு சாமுராய் வாளையும் 'வெட்டாதே' என்ற செய்தியையும் கொடுத்ததாக மியாசாகியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1999-ல் அது முழு நீளத்தில் வந்தது. ஆங்கில வசனம் நீல் கெய்மன். ஆனால் வெட்டக்கூடாது என்ற விதி, சேர்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. டிஸ்னி 1998-ல் வெளியிட்ட 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' பதிப்பில் பூனைக்கு மூலத்தில் இல்லாத வசனங்கள் ஏராளம். வாய் தெரியாத இடமெல்லாம் பேச்சு. மௌனத்தைப் பொறுக்காத நோய் அது. பிற்பாடு வந்த வட்டுகளில் அந்தச் சேர்க்கைகள் சில நீக்கப்பட்டன.

'அகிரா' (1988) ஒரு விதிவிலக்கு. அதில் குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வாயை வரைந்தார்கள். ஜப்பானியத்துக்குக் கச்சிதம், ஆங்கிலத்துக்கோ மூன்று வாய் சலுகை கூடக் கிடையாது. மனித நடிகரின் குளோசப்பைப் போல ஒவ்வொரு எழுத்தையும் துரத்த வேண்டியிருந்தது. முதல் ஆங்கிலப் பதிப்பு தடுமாறும் இடங்களை இதை மனதில் வைத்துக் கேட்க வேண்டும். 2001-ல் பயோனியர் நிறுவனம் வேறு நடிகர்களோடு புதிதாக டப் செய்தது. துல்லியம் இரண்டாவதில், முரட்டு வேகம் முதலாவதில். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேசட் காலத்தில் டப்பிங்குக்கும் சப்டைட்டிலுக்கும் தனித்தனி நாடா. சப்டைட்டில் நாடாவின் விலை அதிகம். டிவிடி வந்தபின் இரண்டும் ஒரே வட்டில் அமர்ந்தன. யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தி மூலத்தோடு ஒப்பிடலாம் என்ற நிலை வந்ததும் டப்பிங்கின் தரம் உயர்ந்தே ஆக வேண்டியதாயிற்று. மேரி எலிசபெத் மெக்லின் இயக்கிய 'கௌபாய் பீபாப்' ஆங்கிலப் பதிப்பு 2001-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, மூலத்தைவிட இதையே விரும்புகிறோம் என்று சொல்லும் ரசிகர்கள் கிளம்பினார்கள்.

இன்றைய முறையில் வளையம் இல்லை, கணினி. முதலில் நேரக்குறியுடன் நேரடி மொழிபெயர்ப்பு. பிறகு வசனகர்த்தா படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, வாய் திறக்கும் இடம், மூடும் இடம், நடுவில் நிற்கும் இடம் பார்த்து எழுதுவார். நடிகரின் காதில் மூன்று பீப் ஒலிக்கும். நான்காவது பீப் விழ வேண்டிய கணத்தில் வாயைத் திறக்க வேண்டும். ஜப்பானில் நடிகர்கள் ஒரே அறையில் கூடிப் பேசுவது வழக்கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒவ்வொருவராகத் தனியே. சண்டைக் காட்சியில் எதிராளியின் குரல் இன்னும் பதிவாகவே இல்லாமல் கத்த வேண்டிவரும். அதனால் முதலில் பதிவாகும் குரலே எல்லோருக்கும் சுருதி. அங்கே இயக்குநர் தவறினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் தவறுவார்கள்.

பதிவானதை ஒலித்தொகுப்பாளர் முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்துவார். ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லிவினாடியிலேயே காது கண்டுபிடித்துவிடும்; பிந்தினால் 125 மில்லிவினாடி வரை பொறுக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்பு அளவீடு. வினாடிக்கு 24 ஃபிரேமில், முந்துவதற்கு ஒரு ஃபிரேம், பிந்துவதற்கு மூன்று. சந்தேகம் வந்தால் பின்னால் தள்ளு என்பது அதனால் வந்த பழக்கம்.

2014 முதல் ஃபனிமேஷன் நிறுவனம், ஜப்பானில் ஒளிபரப்பான சில வாரங்களிலேயே ஆங்கிலத்தையும் வெளியிடத் தொடங்கியது. இங்கே பழைய நோய் புது வடிவில் வருகிறது. கெடு நெருங்கும்போது கைக்கு வரும் படம் முடிக்கப்படாத வரைவாக இருக்கலாம். வாய் பின்னால் மாறும். ஜப்பானிய வசனத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லாமலே பத்து எபிசோடு ஓட்டலாம், ஆங்கிலத்தில் முதல் வரியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். முடிவு பிசகியது பதினோராவது எபிசோடில் தெரியும்போது முந்தையவை ஒளிபரப்பாகியிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரை மியாசாகியின் 'டோட்டோரோ'வை ஆங்கிலத்தில் பார்க்கப் பரிந்துரைத்தது. எந்த ஆங்கிலத்தில் என்று சொல்லவில்லை. மேசெக்கின் ஸ்ட்ரீம்லைன் நிறுவனம் செய்து 1993-ல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது ஒன்று; டகோட்டா, எல் ஃபானிங் சகோதரிகள் பேசும் டிஸ்னி பதிப்பு வேறு. 'நவ்ஸிகா', 'கிகி', 'அகிரா', காட்ஸில்லா படங்கள் பலவற்றுக்கும் இதே நிலை. எழுதும்போது டப் செய்த நிறுவனத்தையும் ஆண்டையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படத்தின் இறுதியில் ஆங்கிலக் குரல் பட்டியல் தனி அட்டையாக வரும். அதில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும். பழைய படங்களில் அந்த அட்டையே இருக்காது, பெயர் போடும் வழக்கம் இல்லை. அப்போது ஓடும் நேரத்தைக் குறிப்பிட்டால் போதும், வெட்டிய பதிப்பா முழுப் பதிப்பா என்று தெரிந்துவிடும். மூலத்துக்கு எவ்வளவு விசுவாசம் என்று ஒப்பிடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில வெளியீடுகளில் ஆங்கில சப்டைட்டில், டப்பிங் வசனத்தையே எழுத்தாக்கியது. ஜப்பானியக் குரல் இரண்டு சொல்லில் முடிக்கும் இடத்தில் சப்டைட்டில் இரண்டு வரி ஓடினாலோ, யாரும் பேசாத இடத்தில் எழுத்து தோன்றினாலோ, அந்த வட்டை வைத்து ஒப்பிட முடியாது. மூலத்திலிருந்து நேராக மொழிபெயர்த்த சப்டைட்டில் உள்ள வெளியீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்